ஈசான்யத்தில் ஒன்று குறைந்தது

சனிக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணி. ஐந்து மணிக்குள் ஒரு செல்போன் எங்கே போனது என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் சரசு மேல் போலீஸில் புகார் விழும். அந்தப் புகாருக்கு முக்கிய சாட்சி நான். சாட்சிக்கு இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை என்பதை மட்டும் அதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

என் பெயர் மணிவேல். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் பதினைந்து வருஷம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தவன். கடை படுத்ததும் கவிநிலா மேடத்திடம் உதவியாளராகச் சேர்ந்தேன். மேடம் ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். இப்போது வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறிகிறார். போர்டில் ‘நிறுவனம்’ என்று போட்டிருக்கும். நிறுவனம் என்றால் மேடம், நான், தலையாட்டாத ஒரு டேபிள் ஃபேன்.

காணாமல் போனது சாதாரண போன் இல்லை. துண்டு துண்டாகக் கழற்றி மாட்டுகிற போன். ஒரு சட்டம், அதில் கேமரா ஒரு துண்டு, பேட்டரி ஒரு துண்டு, ஸ்பீக்கர் ஒரு துண்டு என்று சட்டம் போக மொத்தம் ஏழு துண்டுகள். எல்லாம் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். கேமரா பிடிக்கவில்லையா, அந்தத் துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பெங்களூரில் ஒரு கம்பெனி இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு இதைச் செய்தது, கடைக்கு வருவதற்கு முன்னாலேயே திட்டத்தைக் கைகழுவிவிட்டது. கடைக்கு வராததால்தான் இன்றைக்கு அதற்குக் கிராக்கி. மிஞ்சியிருக்கிற ஒன்றிரண்டு மாதிரிகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்களாம். ஓடுகிற போனை வாங்க ஆளில்லாமல் கடையை மூடியவன் நான். ஓடாத போனை வாங்க ஒருவர் நாளைக்கு பெங்களூரிலிருந்து காரில் வருகிறார்.

போனுக்குச் சொந்தக்காரர் இளஞ்செழியன். அந்தக் கம்பெனியில் இன்ஜினீயராக இருந்தவர். வேங்கிக்கால் புது நகரில் சொந்த வீடு. மனைவி பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தார். வீட்டில் அவரும் அவர் அப்பா சின்னசாமியும்தான். வீட்டு வேலைக்கு அடி அண்ணாமலையிலிருந்து ஷேர் ஆட்டோவில் சரசு வருவாள்.

வியாழக்கிழமை பௌர்ணமி. அன்று காலை இளஞ்செழியன் போனைத் துண்டு துண்டாகக் கழற்றி, சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்துப் பரப்பி, வாங்கப் போகிறவருக்காகப் படம் எடுத்தார். பிறகு முன்னறைக்குப் போய் அந்த ஆளோடு ஒரு மணி நேரம் பேசினார். திரும்பி வந்து பார்த்தால் மேஜையில் போன் இல்லை. எங்கள் ஆபீஸுக்குப் போன் அடித்தார். மேடம் வேலூர் கோர்ட்டில் இருந்தார். ‘நான் பார்த்துக்கறேன் மேடம்’ என்று கிளம்பினேன். நான் தனியாகப் போன முதல் கேஸ் அது.

அப்போதுதான் சரசு வேலை முடித்துக் கூடையோடு கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள். தெருவில் வைத்தே கூடையை வாங்கிச் சோதனை போட்டேன். டிபன் பாக்ஸுக்கு அடியில் கை விட்டேன். ஸ்பீக்கர் துண்டு வந்தது. அதைத் தலைக்கு மேல் தூக்கி, எதிர் வீட்டு மாடி வரைக்கும் கேட்கிற மாதிரி, “இது இன்னாம்மா? மிச்சத்தை எங்க வச்சிருக்க?” என்றேன். தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. இளஞ்செழியன் என் முதுகில் தட்டி, “பரவாயில்லையே, அஞ்சு நிமிஷத்துல பிடிச்சிட்டீங்க” என்றார். பதினைந்து வருஷத்தில் என்னை யாரும் அப்படித் தட்டியதில்லை.

இங்கேதான் ஒரு சங்கதி. அந்தத் துண்டு கைக்கு அப்படியே வரவில்லை. பாக்ஸின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்துத்தான் எடுத்தேன். ‘டக்’ என்று சத்தம்கூட வந்தது. காந்த முனை ஸ்க்ரூடிரைவரால் பதினைந்து வருஷம் பொடி ஸ்க்ரூ பொறுக்கியவனுக்கு அந்த இழுப்பு தெரியாதா? விரலுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஒருத்தி திருடி ஒளித்ததாகவும் இருக்கலாம், தானாக ஒட்டிக்கொண்டு வந்ததாகவும் இருக்கலாம். ஆனால் வாய் ஏற்கெனவே கத்திவிட்டது, முதுகிலும் தட்டிவிட்டார்கள். நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

அன்றைக்கே அந்தத் தெருவில் அவள் வேலை செய்த நாலு வீட்டிலும் சரசுவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதைவிடப் பெரிய கஷ்டம் வேறு இருந்தது. மூன்று வருஷம் மனு போட்டு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளர் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை ஆர்டர் வாங்கப் போக வேண்டும். திருட்டுப் புகார் இருக்கிறவளை அடுப்பங்கரையில் யார் விடுவார்கள்? “மிச்சத்தைக் கொடுக்க சனிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் டைம். அப்புறம் ஸ்டேஷன்தான்” என்று இளஞ்செழியன் சொல்லி அனுப்பிவிட்டார்.

வேலூரிலிருந்து திரும்பியிருந்த மேடம் இப்போது அந்தச் சாப்பாட்டு மேஜை முன்னால் நின்றார். மேஜை அன்று இருந்தபடியே இருந்தது. வெள்ளைத் துணி, பஞ்சு வைத்த பெட்டி, சார்ஜர்.

“இந்தப் பெட்டி?” என்றார்.

“ஒரிஜினல் பெட்டி. கலெக்டர்ஸுக்கு அது ரொம்ப முக்கியம்” என்றார் இளஞ்செழியன்.

“நம்ம கலெக்டர் இல்லைங்க மேடம், சேர்க்கிறவங்க” என்றேன் நான். பயத்தில் எனக்கு ஜோக் ஜாஸ்தியாக வரும்.

மேடம் சிரிக்கவில்லை. “விக்கறதுக்கு எடுத்தவன் பெட்டியோட எடுத்திருப்பான். பேசறதுக்கு எடுத்தவன் சார்ஜரோட எடுத்திருப்பான். பக்கத்துலயே ரெண்டும் இருக்கு, ரெண்டையும் தொடலை. அப்ப எடுத்த ஆளுக்கு விக்கவும் வேணாம், பேசவும் வேணாம்.”

“அப்புறம் எதுக்குங்க எடுக்கணும்?”

“அதான் கேள்வி.” இளஞ்செழியன் எடுத்த படத்தை அவருடைய போனில் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு மேஜைத் துணியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். “படத்துல துணி முழுசா இருக்கு. இப்ப ஒரு பக்கம் நீளமா கிழிஞ்சிருக்கே.”

குனிந்து சார்ஜரைப் பார்த்தார். அதன் வெள்ளை ஒயரில் மஞ்சளாக ஒரு விரல் ரேகை. மேடம் அதை முகர்ந்தார்.

“சாம்பாரா மேடம்?”

“சாம்பார்னா பெருங்காயம் வாசனை வரும். இது வெறும் மஞ்சள்.” நேராகப் பூஜை அறைக்குப் போனார். சாமி படங்களுக்கு முன்னால் ஒரு கிண்ணம். அதில் கரைத்த மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது, ஓரத்தில் இரண்டு வெள்ளை நூல்.

“சரசு பூஜை ரூமுக்குள்ள வருவாங்களா?”

“வர மாட்டாங்க. அப்பாதான் சுத்தம் பண்ணுவார்” என்றார் இளஞ்செழியன்.

“சரசு தன்னோட டிபன் பாக்ஸை எங்க வைப்பாங்க?”

“இந்த மேஜை ஓரத்துலதான். மிஞ்சின சோத்தைப் போட்டு எடுத்துட்டுப் போவாங்க.”

ஆதாரமாக நான் கொடுத்து வைத்திருந்த ஸ்பீக்கர் துண்டை மேடம் கைப்பையிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜ் பக்கம் கொண்டு போனார். ‘டக்’ என்று ஒட்டிக்கொண்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“மணிவேல், பாக்ஸுக்கு அடியில இருந்துச்சுன்னு சொன்னீங்க. சும்மா கிடந்துச்சா, ஒட்டிக்கிட்டு இருந்துச்சா?”

அதுதான் சமயம். சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இளஞ்செழியன் வேறு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கவனிக்கலைங்க மேடம்” என்றேன். சொன்னதும் எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது.

மேடம் இளஞ்செழியனிடம் திரும்பினார். “இதுக்கு பில் இருக்கா?”

“பில்லா? விக்காத பொருளுக்கு ஏதுங்க பில்?”

“கம்பெனி கொடுத்ததா எழுத்துல ஏதாவது?”

அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். மேடம் தலையை ஆட்டிக்கொண்டார், அவர் திரும்பி வந்ததும் கேட்டார்: “உங்க அப்பா இப்ப எங்க?”

“அப்பாவா? வியாழக்கிழமை பன்னெண்டு மணிக்கே கிரிவலம் கிளம்பிட்டார். சுத்தி முடிச்சு அப்படியே கீழ்பென்னாத்தூர் போயிட்டார். அங்க எங்க நிலம், கொல்லியில மல்லாட்டை பிடுங்கறாங்க. போன் அடிச்சா எடுக்க மாட்டார். அவருக்கு இந்தத் திருட்டு விஷயமே தெரியாதுங்க.”

“விஷயம் தெரியாத ஆள்தான் எனக்கும் வேணும்” என்று மேடம் கார் சாவியை எடுத்தார்.

மேடத்தின் பழைய மாருதியில் ஏ.சி. என்பது கண்ணாடியை இறக்குவது. கீழ்பென்னாத்தூர் சாலையில் அனல் முகத்தில் அடித்தது.

“சொல்லுங்க மணிவேல். வெள்ளைத் துணியைக் கிழிச்சு மஞ்சள்ல நனைச்சு ஒண்ணை முடிஞ்சா, அது எங்க போகும்?”

யோசிக்க வேண்டியதே இல்லை. இந்த ஊரில் சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். “உண்டியலுக்குங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“திருடன் கேரி பேக்ல போடுவான். மஞ்சத் துணியில முடியறவங்க திருடலை, நேர்ந்துக்கறாங்க.”

“அப்ப சரசு…”

“சரசு பாவம்” என்றார் மேடம். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சின்னசாமி நிலத்து நடுவில் நின்றிருந்தார். எழுபது வயது, ஒல்லியான உடம்பு, தலையில் துண்டு. சுற்றிலும் பெண்கள் மல்லாட்டைச் செடியை, அதாவது நிலக்கடலையை, பிடுங்கி உதறிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். மேடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, வேறு பேச்சே பேசாமல், “ஐயா, எந்த உண்டியல்ல போட்டீங்க?” என்றார்.

பெரியவர் மறுக்கவில்லை. யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலத்தான் இருந்தார். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார்.

“எம் புள்ள போன்ல பேசிக்கினு இருந்தான்மா. கம்பெனி அந்த மாதிரி போனையெல்லாம் திருப்பி வாங்கி நொறுக்கச் சொல்லிச்சாம். இவன் உடைஞ்சது ஒண்ணைக் கணக்குக்கு உள்ள போட்டுட்டு, நல்லதை எடுத்தாந்துட்டானாம். அதைச் சிரிச்சிக்கினே சொல்றான். ஒம்போது வருசமா அது எங்க வூட்ல இருந்திருக்கு. நான் தெனம் வெளக்கேத்தற வூட்ல.”

“அவரையே கேட்டிருக்கலாமே ஐயா.”

“கேட்டா நாளைக்கு வித்துட்டு வந்துடுவான், பாவம் மட்டும் வூட்லயே நிக்கும். மருமவ மாசமா இருக்காம்மா. கொழந்த வரப்போற நேரத்துல திருட்டுச் சாமான் வேணாம்னு பட்டுச்சு. காலைல அவன் துணியில பரப்பினப்பவே எண்ணிட்டேன். சட்டம் ஒண்ணு, துண்டு ஏழு. மொத்தம் எட்டு. எட்டுன்னதும் எனக்கு மனசுல தோணிடுச்சு.”

மலையைச் சுற்றி எட்டு லிங்கம். இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசான்யத்தில் முடியும்.

“லிங்கத்துக்கு ஒண்ணா போட்டுக்கினே வந்தேன்” என்றார் பெரியவர். “குபேர லிங்கம் வரைக்கும் செரியா வந்துச்சு. ஈசான்யத்துல முடிச்சை அவுத்தா ஒண்ணுமில்ல. ஒண்ணு கம்மி. வழியில எங்கியோ வுழுந்துடுச்சுன்னு அந்தக் கூட்டத்துல திரும்பி நடந்து குபேர லிங்கம் வரைக்கும் தேடினேன். சாமிக்குச் சொன்னதுல கொறை வச்சிட்டேன்னு ரெண்டு நாளா சோறு எறங்கல.”

மேடம் கைப்பையைத் திறந்து ஸ்பீக்கர் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“வழியில விழலை ஐயா. நீங்க துண்டுகளை மஞ்சத் துணியில முடியறதுக்கு முன்னாடியே அது சரசுவோட டிபன் பாக்ஸ் அடியில ஒட்டிக்கிச்சு. அவங்க கூடையில கிடைச்சுது.”

“கெடைச்சுதுன்னா எடுத்து வச்சிருக்கலாமே?”

“திருடினாங்கன்னு சொல்லிட்டோம்.”

‘சொல்லிட்டோம்’ என்றார் மேடம். சொன்னவன் நான் ஒருத்தன். பெரியவர் கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, “வண்டியில எடம் இருக்குமாம்மா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காரைப் பார்த்து நடந்தார்.

திரும்பும்போது மணி மூன்றரை. பெரியவர் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எனக்கு அதற்கு மேல் முடியவில்லை.

“மேடம், ஒட்டிக்கிட்டுதான் இருந்துச்சு. பிய்ச்சுதான் எடுத்தேன். அப்பவே தெரியும்.”

மேடம் கியரை மாற்றினார். “ஃப்ரிட்ஜ்ல ஒட்டினப்ப உங்க மூஞ்சியைப் பார்த்தேன். அப்பவே எனக்கும் தெரியும்.”

“திட்டுங்களேன்.”

“என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லையே.”

அடி அண்ணாமலையில் சரசுவின் வீடு கிரிவலப் பாதையிலிருந்து மூன்றாவது சந்து. வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள், உள்ளே வரச் சொல்லவில்லை. பக்கத்தில் அந்த டிபன் பாக்ஸ் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

நடந்ததை மேடம் சுருக்கமாகச் சொன்னார். பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் பதறிப்போய், “நீங்க எதுக்கு பெரியவரே கும்பிடறீங்க” என்று கையைப் பிடித்து இறக்கினாள். பிறகு நான் முன்னால் போனேன்.

“தப்பு என்னுதும்மா. மன்னிச்சிடு.”

சரசு என்னை மேலும் கீழும் பார்த்தாள். “எங்க வூட்டாண்ட வந்து மெதுவா சொல்றீங்களே சார். அன்னிக்கு தெருவுல இல்ல சொன்னீங்க? அங்க வந்து சொல்லுங்க. அன்னிக்கு எவ்ளோ சத்தமா சொன்னீங்களோ அவ்ளோ சத்தமா.” டிபன் பாக்ஸை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு அவளாகவே வந்து காரில் ஏறினாள்.

நாங்கள் வேங்கிக்கால் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். இளஞ்செழியன் புகாரை எழுதிக் கவரில் போட்டு, கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். அப்பாவும் சரசுவும் ஒரே காரிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் சாவி அப்படியே பூட்டில் நின்றது. மேடம் அவரை ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது.

“உண்டியல்லயா? எழுதிக் கொடுத்து வாங்கிடலாமே மேடம்.”

“உண்டியல்ல விழுந்தா அது சாமிக்குச் சொந்தம். இருந்தாலும் கேட்டுப் பாருங்க. பொருள் உங்களோடதுன்னு எழுதி, பில்லையும் சேர்த்துக் கொடுக்கணும்.”

இளஞ்செழியன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். சின்னசாமி மகனிடம் கோபமாக ஒன்றும் பேசவில்லை. “அந்தக் கவரைக் கிழிச்சிடு. நாளைக்கு வர்ற ஆளுக்கும் போன் போட்டு வர வேணாம்னு சொல்லிடு” என்றார். இளஞ்செழியன் காதெல்லாம் சிவந்து, கவரை நாலாகக் கிழித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

இனி என் பாடு. அன்றைக்கு எட்டிப் பார்த்த முகங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கு வந்தன. எதிர் வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாகூடக் கைப்பிடிச் சுவர் வரைக்கும் வந்துவிட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். வாழ்நாளில் எத்தனையோ பொய்க்குச் சத்தம் போட்டிருக்கிறேன், உண்மைக்குக் குரல் வர மாட்டேன் என்றது.

“எல்லாரும் கேளுங்க. சரசு எதையும் எடுக்கலை. போனை இந்த வீட்டுப் பெரியவரே எடுத்துக் கோயில் உண்டியல்ல போட்டுட்டார். ஒரு துண்டு மட்டும் காந்தத்துல சரசுவோட பாக்ஸ் அடியில ஒட்டிக்கிச்சு. எப்படின்னு இப்ப காட்டறேன்.”

பெரியவரிடமிருந்து துண்டை வாங்கினேன். சரசு டிபன் பாக்ஸைக் கவிழ்த்துப் பிடித்தாள். அருகில் கொண்டு போனதும் தானாக ஒட்டிக்கொண்டது. பிய்த்தேன். ‘டக்’.

கூட்டத்தில் ஒருத்தர், “அட, அப்படியா சங்கதி” என்றார். இரண்டு பேர் சரசுவைப் பார்த்துத் தலையாட்டினார்கள். மூன்றாம் வீட்டு அம்மா, “திங்கக்கிழமை வேலைக்கு வந்துடு சரசு” என்றார். “திங்கக்கெழமை எனக்கு ஆர்டர் வாங்கற வேலை இருக்குதும்மா” என்றாள் அவள்.

முடிந்தது என்று நினைத்தேன். துண்டைப் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை மடியில் முடிந்துகொண்டு, ஈசான்ய லிங்கத்துக்கு நடந்தே கிளம்பிவிட்டார். எனக்கு இரண்டு நாளில் முதல் தடவையாக நன்றாக மூச்சு விட முடிந்தது.

சரசு பாக்ஸைக் கூடைக்குள் வைத்தாள். போகாமல் நின்றாள். குரலை உயர்த்தாமல், எனக்கு நேராக நின்று கேட்டாள்.

“அன்னிக்கும் இந்தச் சத்தம் வந்துச்சு சார். எனக்கு இன்னான்னு வெளங்கல. நீங்க செல்போன் கடை வச்சிருந்தவராமே. உங்களுக்கு வெளங்கிச்சா இல்லியா?”

கேட்டருகே நின்றிருந்த மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை.

“வெளங்கிச்சும்மா” என்றேன், எதிர் வீட்டு மாடி வரைக்கும் கேட்கிற மாதிரி. “அப்பவே வெளங்கிச்சு. தெரிஞ்சேதான் கத்தினேன்.”

சரசு தலையை அசைத்தாள். மன்னித்ததாக ஒன்றும் சொல்லவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ நிற்கிற முனைக்கு நடந்தாள்.